பவுன் விழாத பானை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கணப்புக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, கதவோரம் நின்று ஏன் நடுங்க வேண்டும்? இன்றைக்கு ஒரு சிவப்புக் கோப்பையின் கதை சொல்கிறேன். தேநீர் குடிக்கிற கோப்பை இல்லை. கல்யாண மேசையில் ஒயின் ஊற்றி மாப்பிள்ளை வீட்டாருக்கு நீட்டுகிற கோப்பை. தண்டும் பாதமும் தண்ணீர்போலத் தெளிந்து நிற்கும். மேலே கிண்ணம் மட்டும் செக்கச்செவேல் என்று இருக்கும். அந்தச் சிவப்பைக் கொண்டுவர ஒரு பெண்பிள்ளை எத்தனை பேரை எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள்.

இங்கிலாந்தில் வேர்ட்ஸ்லி என்கிற ஊரில், கால்வாய் ஓரமாக ட்ரான்டர் கண்ணாடிச்சாலை இருந்தது. செங்கல்லால் கட்டின பெரிய கூம்பு, நடுவில் உலை, உலைக்குள் களிமண் பானைகள். பானைகளில் கண்ணாடி இரவும் பகலும் பாகாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். அங்கே பச்சைக் கோப்பை செய்வார்கள், நீலக் கோப்பை செய்வார்கள், திராட்சைநிறக் கோப்பையும் செய்வார்கள். பச்சைக்குக் கொஞ்சம் இரும்புத்துரு போதும். நீலத்துக்குக் கோபால்ட் பொடி ஒரு சிட்டிகை. இதெல்லாம் கால்வாய்க்கு அந்தப்பக்கம் இருந்த கண்ணாடிச்சாலைக்காரர்களும் செய்ததுதான். சிவப்பு அப்படி இல்லை. சிவப்புக்குத் தங்கம் வேண்டும்.

சிவப்புப் பானையில் வேலை தொடங்குகிற காலையில் முதலாளி சைலஸ் ட்ரான்டர் கோயிலுக்குப் போடுகிற ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு வருவார். உலைக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றுவார். ஆட்களும் கழற்றுவார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு பவுன் தங்கக் காசை எடுப்பார். ராணியின் முகம் எல்லாருக்கும் தெரியும்படி சுற்றிக் காட்டுவார். பிறகு பானைக்குள் போடுவார். பவுன் தேனில் விழுந்த ஈபோலக் கொஞ்ச நேரம் மேலேயே நின்று, மெல்ல உள்ளே இறங்கிப் போகும். அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மேஸ்திரி நோவா ஸ்கிட்மோர் ஊதுகுழலைத் தொடுவார். பவுன் விழுந்த பானை சிவக்கும், விழாத பானை சிவக்காது. இது அந்தக் கூம்புக்குள் இருந்த அத்தனை பேருக்கும் வேதவாக்கு.

உண்மை தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். சைலஸின் மனைவி தெர்சா.

தங்கத்தைக் கட்டியாகப் போட்டால் அது கண்ணாடியோடு சேராது. பானைக்கு அடியில் போய் உருகி, பட்டாணிபோலத் திரண்டு, பேசாமல் கிடக்கும். தங்கத்தை ராஜதிராவகத்தில் கரைத்து, அந்த மஞ்சள் தண்ணீரை மணலோடு பிசறிப் பானையில் ஏற்ற வேண்டும். திராவகப் புகை சைலஸின் நெஞ்சுக்கு ஆகாது, இருமி இருமியே சுருண்டுவிடுவார். அதனால் கல்யாணமான மறுவருஷத்திலிருந்து பின்கட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வேலையைத் தெர்சாதான் செய்தாள். பானை காலியானதும் சைலஸ் தனியாகப் போய் அடியில் கிடக்கும் பட்டாணியைச் சுரண்டிக்கொண்டு வருவார். அடுத்த பானைக்கு அதையே அவள் கரைப்பாள்.

“எதுக்கு இந்தக் கூத்து? உள்ளதைச் சொல்லிட்டாத்தான் என்ன?” என்று ஒருமுறை கேட்டாள்.

“பொண்டாட்டி பின்கட்டுல மஞ்சத்தண்ணி காய்ச்சினா, அதனாலதான் செவக்குதுன்னு சொன்னா எவன் நம்புவான்? நோவாவுக்குக் கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் அவன் கை ஓடும்” என்றார் சைலஸ்.

ஒரு வருஷம் பனி உருகுவதற்குள் சைலஸ் போய்விட்டார். நெஞ்சுதான் காரணம்.

கூம்பு நின்ற நிலம் குத்தகை நிலம். நிலத்துக்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் கணக்குப் பார்க்கிறவர். “இரும்பாலை க்ராட்டன் வீட்டுக் கல்யாணத்துக்குச் சிவப்புக் கோப்பைகள் கேட்டிருக்காங்க. உங்க புருஷன் ஒத்துக்கிட்ட வேலை. அதை நீங்க செஞ்சு குடுத்தா குத்தகை உங்க பேர்ல. முடியலேன்னா ஆமோஸ் பேர்ல எழுதிடுவேன்” என்று சொல்லிவிட்டார். ஆமோஸ் சைலஸின் தம்பி. லை என்கிற பக்கத்து ஊரில் ஆணிப் பட்டறை வைத்திருந்தான். கண்ணாடியைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: பவுன் போட்டால் சிவக்கும். பவுன் அவனிடமும் இருந்தது.

தெர்சா தயங்கவில்லை. கடைசிப் பானையின் தங்கப் பட்டாணியைக் கரைத்தாள். அதோடு மணல், சாம்பலுப்பு, ஈயச்செந்தூரம் என்று கண்ணாடிக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன் கையாலேயே பிசறினாள். உலைக்காரனை வைத்துப் பானையில் ஏற்றினாள். கண்ணாடி உருகி, குமிழி அடங்கித் தெளிகிறவரை பொறுத்தாள். பிறகு வேலை தொடங்குகிற காலையில், வீட்டு மேலங்கியோடு, அந்தப் பவுன் கூத்து இனி வேண்டாம் என்று வெறுங்கையோடு, கூம்புக்குள் வந்து நின்றாள்.

ஆட்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

“பவுன் எங்கம்மா?” என்றார் மேஸ்திரி நோவா.

“போட வேண்டியதைப் போட்டாச்சு மேஸ்திரி. குழலை எடுங்க.”

“எப்பப் போட்டீங்க? யாரு பாத்தா?”

“நான்தான் போட்டேன், நான்தான் பாத்தேன்.”

நோவாவுக்குக் கீழே வேலை செய்த ஜேபெஸ் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவன். அவள் விரல்களைப் பார்த்தான். தங்கம் கரைத்த தண்ணீர் பட்டால் தோல் ஊதாவாகிவிடும், எத்தனை தேய்த்தாலும் போகாது. “பீட்ரூட் நறுக்கிட்டு நேரா இங்க வந்துட்டீங்களா முதலாளியம்மா? அதைப் போட்டாச் செவக்கும்னு யாராச்சும் சொன்னாங்களா?” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“டேய், சும்மா இரு” என்றார் நோவா. ஆனால் குழலைத் தொடவில்லை. “தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. ஐயா இருந்தவரைக்கும் ஒரு தடவைகூட பவுன் இல்லாம இந்தப் பானையை நான் தொட்டதில்ல. கையில இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. கடன் வாங்கிக்கூடப் போடலாம். போடாம எப்படி?”

அந்த நேரம் பார்த்து ஆமோஸ் உள்ளே வந்தான். வந்தானா, வாசலில் நின்று கேட்டுக்கொண்டு இருந்தானா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பளபளப்பாகத் துடைத்த பூட்ஸ். கையில் அதைவிடப் பளபளப்பாக ஒரு பவுன்.

“என்ன அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் அந்நியனா?” பவுனை விரல்களுக்கு நடுவில் சுழற்றினான். “அண்ணன் போட்ட மாதிரியே நானும் போடறேன். கோப்பை செவக்கும். க்ராட்டன் வீட்டுக்குப் போகும். நீங்க வீட்ல கால் நீட்டி ஒக்காந்து பின்னல் போட்டுட்டு இருங்க. உங்க சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு.”

ஆட்கள் பக்கமிருந்து ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. கரைத்த தங்கம் ஏற்கெனவே பானைக்குள் இருக்கிறது என்பது தெர்சாவுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பவுன் உள்ளே விழுந்தால் கோப்பை சிவக்கத்தான் போகிறது. சிவந்தால் அது ஆமோஸின் சிவப்பு. பிறகு அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், புதைத்த மண் இன்னும் இறுகாத மனுஷனை இவர்கள் ஏமாற்றுக்காரன் என்பார்கள். அதுவும் நம்பினால்தான். நம்பாவிட்டால் இவளைப் பொய்க்காரி என்பார்கள்.

அவள் நடந்து போய்ப் பானையின் வாய்க்கு முன்னால் நின்றுகொண்டாள். முதுகில் அனல் அடித்தது.

“தள்ளுங்க அண்ணி.”

“உன் பவுன் இந்தப் பானைக்குள்ள விழணும்னா, அதுக்கு முன்னாடி என்னைத் தூக்கி உள்ள போடணும். முடியுமா பாரு.”

ஆமோஸ் நோவாவைப் பார்த்தான். நோவா தரையைப் பார்த்தார்.

“மேஸ்திரி, ஒரே ஒரு கோப்பை செஞ்சு காட்டுங்க. வெளுத்து வந்தா பானையை வழிச்சுத் தண்ணில கொட்டிடுங்க. கண்ணாடிச்சாலைச் சாவியை இங்கயே, இவன் கையில குடுத்துடறேன். அதுக்கப்பறம் இந்தக் கூம்புப் பக்கம் நான் வரமாட்டேன்” என்றாள் தெர்சா.

“கேட்டுக்கங்க எல்லாரும்” என்றான் ஆமோஸ். பவுனைப் பையில் போட்டுக்கொண்டான்.

நோவா குழலை எடுத்தார். பானையிலிருந்து ஒரு உருண்டை எடுத்து, இரும்புப் பலகையில் உருட்டி, ஊதினார். கிண்ணம் பிறந்தது. ஜேபெஸ் வேறொரு பானையிலிருந்து தெளிந்த கண்ணாடியைக் கொண்டுவந்து தண்டு இழுத்தான், பாதம் ஒட்டினான். கோப்பையைக் குழலிலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கம்பியின் நுனிக்கு மாற்றினார்கள். உலைவாயில் ஒரு நொடி காட்டி, விளிம்பைக் கத்தரித்து, மறுபடி ஒரு நொடி காட்டி, வாயை விரித்தார் நோவா. கை அப்படி ஓடியது. தூக்கிப் பிடித்தார்.

எல்லாரும் பார்த்தார்கள். சூடு தணியத் தணிய அது வைக்கோல் நிறத்துக்கு வந்து நின்றது. சிவப்பின் நிழல்கூட இல்லை.

“அடடா, இதுல வெள்ளை ஒயினே ஊத்த வேண்டாம் முதலாளியம்மா. ஊத்தி வெச்ச மாதிரியே இருக்கு” என்றான் ஜேபெஸ்.

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். நோவா கம்பியைத் தாங்கியில் வைத்தார். ஒருத்தன் போய் வழித்துக் கொட்டுகிற அகப்பையை எடுத்து வந்தான். ஆமோஸ் கையை நீட்டினான். “சாவி, அண்ணி.”

தெர்சா கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கம் உள்ளே இருக்கிறது. கரைத்தவள் அவள், பிசறியவள் அவள். ஆனால் கோப்பை வெளுத்திருக்கிறது. அப்படியானால் தவறு பானைக்குள் இல்லை. வெளியே எங்கோ இருக்கிறது. எங்கே? சைலஸுக்குச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் அவள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். நோவா சிவப்புக் கோப்பை செய்கிற விதம் வேறு. விளிம்பு விரித்தபிறகு கம்பியைத் தாங்கியில் சாய்த்து வைப்பார். ஒரு வாய் பீர் குடிப்பார். கிண்ணத்தின் கனல் மங்கி அணைகிறவரை சும்மா இருப்பார். பிறகுதான் மறுபடி உலைவாயில் கொடுத்து, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே வெகுநேரம் திருப்புவார். இன்றைக்குப் பீர் ஜாடி மூடியபடியே இருந்தது.

“மேஸ்திரி, நீங்க இதை ஆறவிடலியே” என்றாள்.

“எதை?”

“கிண்ணத்தை. செவப்புக்கு ஆறவிட்டு, அப்பறம் மறுபடி நல்லா சுடவெப்பீங்கல்ல?”

“ஆமா, செவப்புக்கு வெப்பேன்” என்றார் நோவா. அவர் சூது செய்யவில்லை, முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. “இது செவப்பு இல்லையேம்மா. பவுன் விழலியே. வெள்ளைக் கண்ணாடியை யாராச்சும் அப்படிச் சுடவெப்பாங்களா?”

“நீங்க வெள்ளைன்னு நெனச்சு வெள்ளை மாதிரி செஞ்சீங்க. அது வெள்ளையா வந்திருக்கு. செவப்பு மாதிரி செய்ங்க.”

“செவப்பா இருந்தா செய்ய மாட்டேனா?”

ஜேபெஸ் தலையில் அடித்துக்கொண்டான். “செக்குமாடுகூட இப்படிச் சுத்தாது. யாராச்சும் அவுத்து விடுங்கப்பா.”

“பேச்சை முடிங்க. ஒரு கோப்பைன்னு சொன்னீங்க, ஆச்சு. சாவி” என்றான் ஆமோஸ்.

“ஒரு கோப்பைன்னுதான் சொன்னேன். அது இன்னும் கம்பியிலதான் இருக்கு. முடிஞ்சுடுச்சுன்னு யார் சொன்னது?” என்றாள் தெர்சா.

சொல்லிக்கொண்டே மேலங்கியின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். தண்ணீர்த் தொட்டியில் கிடந்த சாக்குத்துணியைப் பிழிந்து கையில் சுற்றினாள். தாங்கியிலிருந்து கம்பியைத் தூக்கினாள். கம்பி அவள் நினைத்ததைவிடக் கனத்தது.

“அம்மா, வேண்டாம்! உலைவாய்ல பொம்பளை நின்னதே இல்ல!” என்று கத்தினார் நோவா.

“இன்னிக்கு நிக்கறா. பாத்துக்கங்க.”

“ஆறிப்போச்சு அது, சூட்டைப் பாத்ததும் வெடிச்சுடும். கண்ணுல தெறிக்கும்!”

அவள் அதையும் பார்த்து வைத்திருந்தாள். ஒரேயடியாக உள்ளே நுழைக்கவில்லை. முதலில் வாய்க்கு வெளியே பிடித்து, அனலைத் தடவக் கொடுத்தாள். பிறகு ஒரு விரற்கடை உள்ளே. இன்னும் கொஞ்சம். முகத்தில் தோல் இழுத்தது. நெற்றிமயிர் பொசுங்குகிற வாடை வந்தது. கண்களைச் சுருக்கிக்கொண்டு கம்பியைத் திருப்பினாள். இடது கையிலிருந்து வலது கைக்கு, வலதிலிருந்து இடதுக்கு. சாக்குத்துணியிலிருந்து ஆவி பறந்தது. கோப்பை வெடிக்கவில்லை. ஆனால் உள்ளே எல்லாம் ஒரே நெருப்பு நிறம். அதில் எது கண்ணாடி, எது கனல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கை சோர்ந்தது. கம்பி ஒரு கணம் நின்றது. நின்ற அந்தக் கணத்தில் கிண்ணம் மெழுகுபோல ஒரு பக்கம் சாய்ந்தது.

“திருப்பு!” நோவாவின் குரல் கூம்பின் உச்சிவரை போய் மோதியது. “நிக்காதே, திருப்பு, திருப்பும்மா!” மனுஷனுக்கு அப்போது முதலாளியம்மாவும் தெரியவில்லை, பவுனும் தெரியவில்லை. கண்ணாடி ஒன்று கீழே சாய்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது. பாய்ந்து வந்து அவள் கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தார். இரண்டு பேருமாகத் திருப்பினார்கள். சற்று நேரம் கழித்து அவரே, “போதும், எடு” என்றார்.

வெளியே எடுத்தார்கள். கோப்பை செந்தணலாக எரிந்துகொண்டிருந்தது. விளிம்பு ஒரு பக்கம் நெளிந்து, காற்றில் பறக்கப்போகிற தொப்பிபோல இருந்தது.

“இது அடுப்புச் செவப்பு. இரும்பைக் காய்ச்சினாக்கூட இப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா? ஆறினதும் போயிடும்” என்றான் ஆமோஸ்.

 எல்லாரும் நின்று பார்த்தார்கள். அகப்பையோடு வந்தவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். தணல் மெல்ல மங்கியது. தண்டு முதலில் அணைந்து தண்ணீர் நிறமானது. பாதம் தெளிந்தது. கிண்ணத்திலும் கனல் குறைந்துகொண்டே வந்தது.  கனல் முழுக்கப் போனது. அது போன இடத்தில் வேறொரு சிவப்பு நின்றது. சூடில்லாத, ஆழமான, உள்ளேயிருந்து ஊறின மாதிரி ஒரு சிவப்பு. நோவா அதை வாசல் வெளிச்சத்துக்கு நேரே திருப்பினார். செங்கல் சுவரில் ஒரு சிவப்புத் திட்டு விழுந்து அசைந்தது.

ஜேபெஸ் தொப்பியை மறுபடி கழற்றினான். 

நோவா கேட்டார். தாழ்ந்த குரலில். “அப்ப ஐயா போட்ட பவுனெல்லாம்?”

எதைச் சொல்லக் கூடாது என்று இத்தனை நேரம் நெருப்பில் நின்றாளோ, அதையே இப்போது கேட்கிறார். தெர்சா முகத்தை முன்கையால் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்லலாம், ஏதாவது சொல்லி மூடிவிடலாம். ஆனால் அடுத்த பானையிலும் இவர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள், ஆமோஸ்கள் பவுனோடு வருவார்கள்.

“தங்கத்தை நான் பின்கட்டுல கரைச்சுப் போட்டேன். ஆரம்பத்துலேருந்தே. அவர் போட்ட பவுன் அடியில கெடக்கும், பின்னால எடுத்துக்குவார்” என்றாள். “அது நீங்க பாக்கறதுக்காக.”

“எங்களை இத்தனை வருஷமா ஏமாத்தினாரா?”

“ஏமாத்தினாருன்னா ஏமாத்தினாருதான், நான் மறைக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, மேஸ்திரி. பவுன் போட்டதும் அவர் கோட்டைக் கழட்டிட்டு வந்து சாப்பிட ஒக்காருவாரு. ‘இனிமே எல்லாம் நோவா கையில’ன்னு சொல்லுவாரு. ஒரு தடவைகூட ‘பவுன் பாத்துக்கும்’னு சொன்னதில்ல.”

நோவா கோப்பையை இன்னொரு தடவை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கோபமா, துக்கமா, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். பீர் ஜாடியின் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். கையை நீட்டினார்.

“ஜேபெஸ், குழலைக் குடு. வாயைப் பொளந்துட்டு நிக்காதே.”

“இந்தக் கோணக் கோப்பையை என்ன பண்றது மேஸ்திரி? ஞாபகத்துக்கு எடுத்து வெச்சுக்கலாமா?”

“எதுக்கு?” என்றாள் தெர்சா. “ஒடைச்சு அடுத்த பானைக்கு எடுத்து வை. தங்கம் இருக்கு அதுல.”

ஆமோஸ் எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. நிலத்துக்காரரிடம் போய், அண்ணி உலைவாயில் ஆம்பிளைபோல நின்றாள், ஊரே சிரிக்கிறது என்று சொன்னானாம். நிலத்துக்காரர் கோப்பை சிவந்ததா என்று மட்டும் கேட்டாராம்.

க்ராட்டன் வீட்டுக்குப் போன கோப்பைகள் வைக்கோலில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, கால்வாய்ப் படகில் போயின. ஒன்றுகூட விரிசல் இல்லை. குத்தகை தெர்சா ட்ரான்டர் பேரில் எழுதப்பட்டது. அடுத்த சிவப்புப் பானைக்கு அவள் பின்கட்டு ஜன்னலையும் கதவையும் திறந்து போட்டாள். திராவகத்தில் தங்கம் கரைவதைப் பார்க்க வேண்டுமென்று நோவா வந்து நின்றார். புகை ஒத்துக்கொள்ளாமல் இருமினார். போகச் சொன்னாலும் போகவில்லை. கடைசித் துளி மஞ்சளாகிற வரைக்கும் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் போனார்.

கேட்டுக்கொண்டு இருந்த பிள்ளைகளே, உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டு வேலை உங்கள் பேரிலேயே நிலைக்கட்டும். அலமாரியில் இருக்கிற கோப்பைகள் விரிசல் காணாமல், விருந்துக்கு விருந்து வெளியே வந்து, நிறைந்து, நல்லவர்கள் கையில் ஏறட்டும். வீட்டில் இருக்கிற எல்லாரும் நன்றாக இருங்கள்.